ஆயில் சில்க்

சேஷகிரி மைசூர் சர்க்காரின் சர்வே இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்து எல்லைக்கல் நட்டவர். பெரிய மனுஷர்கள் மிரட்டியும் ஓர் அங்குலம் நகராதவர் என்று இலாகாவில் பெயர். அப்பேர்ப்பட்டவர் ரிடையர் ஆகி மல்லேசுவரத்து வீட்டில் உட்கார்ந்த மூன்றாம் வருஷம், ஒரு தும்மலுக்குப் பயப்பட ஆரம்பித்தார்.

போன ஆவணியில் அவருக்கு நீர் இறங்காமல் அடைத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, உள்ளே வீங்கியிருந்த சுரப்பியை அறுத்து எடுத்தார்கள். ஆபரேஷன் பிரமாதமான வெற்றி என்று டாக்டர் கை குலுக்கினார். வெற்றிதான். முன்பு கெஞ்சினாலும் வராதது, இப்போது கேட்காமலே வந்தது. தும்மினால் வந்தது, சிரித்தால் வந்தது, நாற்காலியை விட்டு எழுந்தால் வந்தது. "போகப் போகச் சரியாயிடும்" என்றார் டாக்டர். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

விஷயம் அவருக்கும் மனைவி ஜகதாம்பாளுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நவராத்திரியில் ஒரு கச்சேரிக்குப் போனார்கள். மங்களம் பாடி எழுந்தபோது வேஷ்டியின் பின்பக்கம் ஜில்லென்று இருந்தது. சேஷகிரிக்கு உயிர் போய்விட்டது. பின் வரிசையில் பழைய தாசில்தார் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து மகள் ராஜலக்ஷ்மி கையிலிருந்த வெள்ளிக் கூஜா நழுவி, தண்ணீர் முழுவதும் நாற்காலியிலும் அவர் வேஷ்டியிலும் கொட்டிவிட்டது. பகவான்தான் கூஜாவைத் தட்டிவிட்டார் என்று சேஷகிரி உள்ளூரக் கும்பிட்டுக்கொண்டார். ஆனால் வெளியே சும்மா இருக்க முடியுமா? "கையில பிடிப்பே கிடையாதா ஒனக்கு? கல்யாணம் பண்ணிக்கப்போற பொண்ணு!" என்று நாலு பேர் காது கேட்கக் கத்தினார். ராஜி தலையைக் குனிந்துகொண்டு கூஜாவை மூடினாள்.

அதன் பிறகு வீட்டில் துணி ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் டர்க்கி டவல். ஈரத்தைக் குடிக்கும், வாஸ்தவம். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றால் தலையணையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பவர் போல இருந்தார். அப்புறம் ஜகதாம்பாளின் பழைய புடவைத் தலைப்பு. அது நாலு எட்டு நடந்ததும் வழுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு வந்தது. கடையில் புதுசாக வாங்கிய மல் துணியோ கஞ்சி போகாமல் ஒரு சொட்டையும் உள்ளே விடாது. தண்ணீர் அதன் மேலேயே உருண்டு ஓடும். கடைசியில் கைகொடுத்தது அவருடைய சொந்தப் பழைய வேஷ்டிதான். பத்து வருஷம் துவைத்துத் துவைத்து வெண்ணெயாக இருந்தது. ஜகதாம்பாள் அதைக் கிழித்து, எட்டாக மடித்து, ஓரத்தில் தையல் ஓட்டி, ஒரு டஜன் செய்து வைத்தாள்.

வேலைக்காரி லட்சுமம்மா இரண்டாம் நாளே துவைக்கிற கல்லிலிருந்து கேட்டுவிட்டாள். "ஏனம்மா, மனேலி மகு இதெயா?" வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். சேஷகிரி பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தத் துணிகளை ஜகதாம்பாளே துவைத்து, உள்ளறைக் கொடியில் மடிப் புடவைக்கு அடியில் மறைத்துப் போட்டாள். அந்தக் கொடியில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். தொட்டால் மடி போய்விடும். அதைவிடப் பத்திரமான பெட்டகம் அந்த வீட்டில் இல்லை.

தை மாதம் ராஜிக்கு நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளை ஷங்கர், மெட்ராஸில் உத்தியோகம். வைகாசியில் முகூர்த்தம். வெற்றிலைத் தட்டு மாற்றி எல்லாரும் போன பிறகு சேஷகிரி ஊஞ்சலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருப்பதுதான் இப்போது பிரச்சினை.

கல்யாணத்தில் பெண்ணின் தகப்பன் மணையில் சம்மணம் கூட்டி உட்கார வேண்டும். பெண் அவன் மடியில் உட்கார வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று தாரை வார்க்கத் தண்ணீர் விடுவாள். தாலி ஏறும் வரையில் பெண் அப்பா மடியில்தான் இருப்பாள். நாற்பது நிமிஷம் ஆகலாம், சாஸ்திரிகள் நிதானக்காரர் என்றால் ஒரு மணியும் ஆகலாம். இருபது வயதுப் பெண், ஒன்பது கஜக் கூறைப் புடவை, நகை, மாலை. அத்தனை பாரமும் அடிவயிற்றின் மேல். எதிரே முன்னூறு ஜனம்.

"ஜெயராமன் பண்ணி வைக்கட்டுமே" என்று அன்றே ஜகதாம்பாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ஜெயராமன் அவருடைய தம்பி, திருச்சியில் இருக்கிறவன். சித்தப்பா கன்னிகாதானம் செய்து கொடுப்பதில் குற்றமில்லை. ஊரில் நடக்காததுமில்லை.

"நான் செத்தா போயிட்டேன்?" என்றார் சேஷகிரி.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சர்வேக்காரனுக்கு வீடு என்பது மாதத்தில் நாலு நாள். சிக்மகளூர்ப் பக்கம் காம்ப் போட்டுவிட்டு ஆறு வாரத் தாடியோடு வீட்டுக்கு வருவார். "வா, அப்பா மடிக்கு வா" என்று கையை நீட்டுவார். ராஜி வீறிட்டு அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொள்வாள். அவள் பழகி, கிட்டே வரத் தொடங்குகிற அன்று அவர் மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவார். இப்படியே பெண் வளர்ந்துவிட்டாள். வளர்ந்த பெண்ணை மடியில் உட்கார் என்று யார் சொல்வது? சாஸ்திரம் சொல்கிறது, ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளையும் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

மாசி பிறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை, பென்ஷன் ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி ஆஸ்டின் டவுனுக்குப் போனார். மல்லேசுவரத்து ஆசாமி எவனும் எட்டிப் பார்க்காத இடம். அங்கே ஒரு சந்தில் ஓஸ்வால்ட் என்பவர் கட்டுத் துணி, ஊன்றுகோல், வெந்நீர்ப் பை முதலிய ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிறார் என்று காம்பவுண்டர் ஒருவர் சொல்லியிருந்தார். ஓஸ்வால்ட் யுத்த காலத்தில் பட்டாள ஆஸ்பத்திரியில் ஆர்டர்லியாக இருந்தவர். கல்லாவுக்கு மேலே மாதா படம், கீழே நாலு விதமான அரைக்கச்சை.

"உக்காருங்க சார். யாருக்கு?"

"என் அண்ணாவுக்கு" என்றார் சேஷகிரி. அவருக்கு அண்ணா கிடையாது.

ஓஸ்வால்ட் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அண்ணனுக்கு எப்பல்லாம் வருது? எந்திரிக்கும்போதா, சும்மா குந்தினு இருக்கும்போதே வருதா?"

"எழுந்தா வரும். தும்மினா வரும். மேல பாரம் அழுத்தினா... வரும்னு பயப்படறார்."

"ராத்திரி படுக்கையில?"

"அதெல்லாம் இல்லை."

"அப்ப பெரிய பேஜார் இல்ல" என்று சொல்லி, ஓஸ்வால்ட் ஒரு ரப்பர் பையை எடுத்துப் போட்டார். தொடையோடு பெல்ட் கட்டி, குழாய் வைத்தது. "இது லாரி ஓட்டறவனுக்கு, நாள் பூரா நிக்கறவனுக்கு நல்லது. அண்ணன் நாற்காலியில குந்துவாரா, தரையிலயா?"

"தரையில. சம்மணம் கூட்டி. மடியில..." சேஷகிரி வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "மடியில பொண்ணை வெச்சுக்கணும். கல்யாணத்துல."

ஓஸ்வால்ட் பையை உடனே திரும்ப எடுத்து வைத்துவிட்டார். "அப்ப இது ஆகவே ஆகாது சார். காலை மடக்கினா குழாய் மடங்கிக்கும். மேல பொண்ணு வேற குந்தினா உள்ள போனதெல்லாம் எதிர்த்துக்கினு வெளிய வரும். மானம் போயிடும். அண்ணனுக்குத் துணிதான் சரி. பழசா, நல்லா துவைச்ச பருத்தி, எட்டு மடிப்பு. அதைப் புடிச்சு வைக்க லங்கோடு. லூஸா கட்டினா பக்கத்தால வழியும், அதைப் பாத்துக்கணும். துணிக்கு வெளிய தண்ணி தாண்டாம ஒரு ஷீட். ரப்பர்ல இருக்கு."

இங்கேதான் சேஷகிரிக்குச் சங்கடம் வந்தது. அக்னி சாட்சியாகப் பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் இடுப்பில் ரப்பரா? தோல் என்றால் கூடவே கூடாது. ரப்பர் மரத்துப் பால்தானே? ஆனால் எவன் கையால் எதைப் போட்டுக் காய்ச்சினானோ? எல்லைத் தகராறு தீர்க்கிறவர் மாதிரி இரண்டு பக்கத்து வாதத்தையும் தானே பேசிக்கொண்டு நின்றார். ஓஸ்வால்ட் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, மஞ்சளாக, கண்ணாடிபோல் மினுங்கும் ஒரு துணியை உருளையிலிருந்து இழுத்தார்.

"இது ஆயில் சில்க். ஆஸ்பத்திரியில ஈரக் கட்டு மேல போடறது. பட்டுல எண்ணெய் ஏத்தினது. ஒரு சொட்டு தாண்டாது."

"பட்டா?" சேஷகிரி நிமிர்ந்தார். "நிஜப் பட்டா?"

"நிஜப் பட்டு சார்."

"எண்ணெய்?"

"ஆளி விதை எண்ணெய்."

சேஷகிரியின் முகம் மலர்ந்தது. பட்டுக்குத் தீட்டு ஏது? மடித் துணி காயாத நாளில் பட்டைக் கட்டிக்கொண்டுதானே திவசமே செய்கிறோம்! வைதிகமும் வைத்தியமும் ஒரே துணியில் வந்து சேரும் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. இரண்டு கஜம் கிழிக்கச் சொன்னார்.

"கொஞ்சம் சலசலன்னும். மேளச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போவுது" என்றார் ஓஸ்வால்ட். "மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் துணியை மாத்திடணும், இல்லேன்னா புண்ணாயிடும். தேங்காயெண்ணெய் தடவிக்கச் சொல்லுங்க. அன்னிக்குக் காலையில காபி வாணாம். அதுக்காகத் தண்ணியே குடிக்காம கிடக்கவும் வாணாம், எரியும். அண்ணனுக்கு இடுப்பு எத்தினி இஞ்சு?"

சேஷகிரி விழித்தார். ஓஸ்வால்ட் ஒரு வார்த்தை பேசாமல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, தம்பியின் இடுப்பை அளந்து அண்ணனுக்கு லங்கோடு கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது சேஷகிரிக்குப் பாட்டு வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு மனுஷன் அவரை மனுஷனாக வைத்துப் பேசியிருந்தான்.

பங்குனி முதல் வாரத்தில் ஒத்திகை. ராஜி தையல் வகுப்புக்குப் போகிற பகல் நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எட்டு மடிப்பு, லங்கோடு, அதன்மேல் ஆயில் சில்க், அதன்மேல் பஞ்சகச்சம். பஞ்சகச்சத்தைக் கண்டுபிடித்த மகானுக்கு இந்தத் தொந்தரவு இருந்திருக்க வேண்டும் என்று சேஷகிரி சொன்னார். காலுக்கிடையில் வாங்கிப் பின்னால் செருகினால் உள்ளே இருப்பது ஓர் இம்மி நகராது. ஜகதாம்பாள் சிரித்தாள்.

மடியில் எதை வைப்பது? முதலில் தவலையில் தண்ணீரை நிரப்பி வைக்கலாம் என்றார். "தண்ணி சிந்தினா எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் ஜகதாம்பாள். சரி, அரிசி. அரை மூட்டையை இரண்டு பையில் பிரித்து, ஒவ்வொன்றாகத் தூக்கி மடியில் வைத்தாள். அவள் டைம்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பத்து நிமிஷம். இருபது. "இருமிப் பாருங்கோ" என்றாள். இருமினார். நாற்பது நிமிஷம் ஆனதும் பைகளை இறக்கி, எழுந்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உள் மடிப்பில் ஒரு வெற்றிலை அகலம் ஈரம். பட்டுக்கு வெளியே ஒன்றுமே இல்லை.

"ஜெயிச்சுட்டேண்டி" என்றார். ஜகதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் என்று அவர் நினைத்தார். அந்த மாதத்தில் ஏழு தடவை ஒத்திகை நடந்தது. ஏழு தடவையும் டைம்பீஸைப் பிடித்தவள் அவள்தான்.

சித்திரை நடுவில் ஒரு கடிதம் வந்தது. திருச்சி முத்திரை, ஜெயராமன் கையெழுத்து. மேல்விலாசத்தில் ஜகதாம்பாள் பெயர் இருந்தது. தபால்காரர் அந்த வீட்டில் யார் பெயருக்கு எது கொண்டுவந்தாலும் பிரிக்கிறவர் சேஷகிரிதான். பிரித்தார்.

"மன்னிக்கு ஜெயராமன் அநேக நமஸ்காரம். க்ஷேமம். மாசி இருபதாம் தேதி தாங்கள் எழுதியதிலிருந்து எனக்கு இதே யோசனை. அண்ணா இருக்க நான் மணையில் உட்காருவதா என்று மனசு கேட்கவில்லை. ஆனால் தாங்கள் மறுபடி மறுபடி எழுதுவதால் சம்மதிக்கிறேன். நானும் என் அகமுடையாளும் கன்னிகாதானம் செய்து கொடுக்கிறோம். அண்ணாவுக்கு முழங்கால் வாதம், சம்மணம் கூட்ட முடியாது என்று தாங்கள் சொன்னபடியே சம்பந்தி வீட்டாருக்கும் எழுதிவிட்டேன். உண்மைக் காரணத்தை இங்கே யாரிடமும் மூச்சுவிடவில்லை. அண்ணாவிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும்."

சேஷகிரி அதை மூன்று தடவை படித்தார். மாசி இருபது. முதல் ஒத்திகை பங்குனியில். அரிசிப் பையைத் தூக்கி வைத்தபோதே அவளுக்குத் தெரியும். இருமிப் பாருங்கோ என்று சொன்னபோதே தெரியும். ஜெயித்துவிட்டேன் என்று அவர் சொன்னபோதும் தெரிந்துதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுக்களையில் அவள் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். கடிதத்தை மாவுப் பலகைமேல் போட்டார்.

"எதுக்குடி கடியாரத்தைப் பிடிச்சே?"

அவள் கடிதத்தைப் பார்த்தாள். குழவியைக் கீழே வைத்தாள்.

"கேக்கறேன். ஏழு நாள். பைத்தியக்காரன் மாதிரி அரிசி மூட்டையை மடியில வெச்சுண்டு உட்காந்திருந்தேனே, எதுக்கு எதிர்ல உட்காந்து மணி பாத்தே? வேடிக்கையா இருந்துதா?"

"நீங்க அவ்வளவு ஆசையா பண்ணிண்டிருந்தேளே. எப்படி வேண்டாம்னு சொல்றது?" அவள் மாவுக் கையைப் புடவையில் துடைத்தாள். "எனக்குத்தான் தைரியம் வரலை. எல்லாம் என் புத்திதான். என்னைத் திட்டுங்கோ."

அவர் திட்டவில்லை. திட்டுவதற்கு எதிரே இருப்பவள் நம்முடையவள் என்ற எண்ணமாவது வேண்டும். முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் மறைத்தது என்று அவருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் காட்டக் கூசியதைக்கூட அவளிடம் காட்டியிருந்தார். அதை மடித்து உறையில் போட்டுத் தம்பிக்குத் தபாலில் அனுப்பிவிட்டாளே என்று நெஞ்சு கொதித்தது. அன்றிலிருந்து அவர் தன் துணியைத் தானே துவைத்தார். மடிக் கொடிக்கு அடியில் போடாமல் பட்டப்பகலில் கொல்லைக் கொடியில் வரிசையாக உலர்த்தினார். லட்சுமம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு முடிவுக்கு வந்தார். பெண்டாட்டி கைவிட்டால் என்ன, பெண் இருக்கிறாள். சம்பந்தி வீட்டாருக்கு முழங்கால் சரியாகிவிட்டது என்று ஒரு கார்டு போட்டால் தீர்ந்தது. ராஜி ஒரு வார்த்தை சொன்னால் ஜகதாம்பாள் வாயை மூடிக்கொள்வாள். ராஜிக்கு விஷயமே தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

ராஜி ஜன்னலோரம் ரவிக்கைக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே தரையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்தார்.

"ராஜி, ஒனக்குத் தெரியாம அம்மா ஒரு காரியம் பண்ணியிருக்கா. அதுக்கு முன்னாடி என் ஒடம்பைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"எனக்குத் தெரியும்பா" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எது?"

"ரெண்டும்."

அவருக்குப் புரியவில்லை. அவள் ரவிக்கையைக் கீழே வைத்தாள்.

"நவராத்திரிக் கச்சேரியிலேர்ந்தே தெரியும். நீங்க எழுந்துண்டப்போ நாற்காலியைப் பாத்தேன். தாசில்தார் மாமா பாக்கறதுக்குள்ள கூஜாவை நான்தான் கவிழ்த்தேன்."

கையில பிடிப்பே கிடையாதா என்று தான் கத்தியது சேஷகிரியின் காதிலேயே கேட்டது.

"சித்தப்பா பண்ணட்டும்னு அம்மாகிட்ட நான்தான் சொன்னேன். அம்மா ரெண்டு நாள் சாப்பிடலை. தாரை வார்க்கற பாக்கியம் தனக்கும் போறதேன்னு அழுதா. அப்புறம்தான் எழுதினா. அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்கோப்பா."

"ஏம்மா?" என்றார்.

"பயமா இருக்குப்பா." அவள் அழத் தொடங்கினாள். "அந்த நேரத்துல, கூறைப் புடவையில ஏதாவது ஆயிடுத்துன்னா? எல்லாரும் பாத்துண்டிருப்பா. அவா மனுஷாள்லாம் சுத்தி நிப்பா. ஆயுசு முழுக்க நான் அந்த ஆத்துல இருக்கணுமே. ஒவ்வொருத்தரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"ஆகாதுடி." அவர் கெஞ்சினார். எந்த மிராசுதாரிடமும் கெஞ்சாதவர். "ஏழு தரம் பாத்தாச்சு. நாப்பது நிமிஷம், அரை மூட்டை அரிசி. ஒரு சொட்டு வெளியில வரலை. அம்மாவைக் கேளு. வேணும்னா நீயே பாரேன். இப்பவே கட்டிண்டுதான் இருக்கேன். வந்து உட்காரு. ஒரு அஞ்சு நிமிஷம் உட்காந்து பாரு."

மடியைத் தட்டிக் காட்டினார். ஆறு வாரத் தாடியோடு வந்து நின்று கூப்பிட்ட அதே குரல்.

ராஜி நகரவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் நீட்டிய கையை மடக்கி முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். "சரி" என்றார். ஜகதாம்பாள் மேல் எரிந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அதன் இடத்தில் இன்னது என்று சொல்ல முடியாத ஒரு வெறுமை வந்து உட்கார்ந்தது. பெண் பொய் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். அவள் பயந்தது நியாயம். நியாயமாக இருந்ததுதான் அவரைக் கொன்றது.

வைகாசியில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. வந்தவர்கள் எல்லாரும், "முழங்கால் எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். முதலில் "தேவலை" என்றார். அப்புறம் தேவலை என்றால் மணையில் உட்காரலாமே என்று எவனாவது கேட்பான் என்று தோன்றியது. அதிலிருந்து வலது காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடந்தார். வராத வலிக்கு நொண்ட வேண்டியிருந்தது.

அன்று காலையில் அவர் காபி குடிக்கவில்லை. எட்டு மடிப்பு, லங்கோடு, ஆயில் சில்க், பஞ்சகச்சம், ஓஸ்வால்ட் சொன்ன வரிசையில் எல்லாம் கட்டிக்கொண்டார். எதற்கு என்று ஜகதாம்பாள் கேட்கவில்லை. பின்னால் செருகிய கச்சம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து இழுத்துவிட்டாள்.

மணையில் ஜெயராமன் உட்கார்ந்தான். ராஜி அவன் மடியில் உட்கார்ந்தாள். ஜெயராமன் மனைவி தாரை வார்க்கத் தண்ணீர் விட்டாள். ஜகதாம்பாள் இரண்டு அடி தள்ளி நின்றாள். அவள் வலது கை, சொம்பைப் பிடித்த மாதிரியே குவிந்து, வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சேஷகிரி அதைப் பார்த்தார். பந்தலோரம் தரையில், மணைக்கு நேராக, யாரும் சொல்லாமலே அவரும் சம்மணம் கூட்டி உட்கார்ந்துகொண்டார். நொண்டி இப்படி உட்காரலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லார் கண்ணும் மணையில் இருந்தது.

பத்து நிமிஷத்தில் ஜெயராமன் நெளிய ஆரம்பித்தான். கால் மரத்துவிட்டது போலிருக்கிறது. ஆபீஸில் நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகியவன். ராஜி ஒரு பக்கம் சரிந்து சமாளித்துக்கொண்டாள். சாஸ்திரிகள் நிதானக்காரர். ஹோமப் புகை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு சேஷகிரியின் பக்கம் வந்தது. மூக்கு எரிந்தது. அடக்கினார். முடியவில்லை. கெட்டிமேளம் என்று சாஸ்திரிகள் கையைத் தூக்கிய அதே நொடியில் அவருக்கு மூன்று தும்மல், பந்தல் அதிர, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தாலி ஏறியது.

சத்திரத்தின் பின்கட்டில் ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு அவிழ்த்துப் பார்த்தார். உள் மடிப்பில் வெற்றிலை அகலத்துக்கு ஈரம். பட்டின் வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. பஞ்சகச்சத்தில் ஒரு பொட்டு இல்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்த இருட்டறையில், வாழைத்தார்களுக்கு நடுவில், ஐம்பத்தெட்டு வயது மனுஷர் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதார். பிறகு துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு, வலது காலைச் சாய்த்து நடந்து பந்திக்கு வந்தார்.

சாயங்காலம் மெட்ராஸ் ரயிலுக்குப் புறப்படுகிற நேரம். வாசலில் கார் நின்றது. சேஷகிரி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராஜியும் ஷங்கரும் நமஸ்காரம் செய்தார்கள். ஷங்கர் எழுந்து நகர்ந்துவிட்டான். ராஜி எழுந்திருக்கவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே முட்டி போட்டு நின்றாள். உடம்பு குலுங்கியது. "அப்பா" என்றாள். கூடம் நிறைய ஜனம். சம்பந்தி மாமி கையில் தேங்காயோடு நின்றாள். ராஜி எதையும் பார்க்கவில்லை. சின்னக் குழந்தை போலத் தலையைக் குனிந்து, அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வந்தாள்.

சேஷகிரி இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். "கூறைப் புடவை. நனைஞ்சுடப் போறது."

ராஜி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் நெற்றியில் கலைந்திருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் சரி செய்துவிட்டு, தோளிலிருந்து கையை எடுத்தார். யாரோ நேரமாகிறது என்றார்கள். அவள் எழுந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கார் திருப்பத்தில் மறைகிற வரையில் சேஷகிரி நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு எழுந்தார். வேஷ்டி காய்ந்துதான் இருந்தது.